பணிந்து போவதுதான் மனத்தாழ்மையா? தவக்காலத்துக்கு முன் ஒரு பதில்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருக்கும் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: "திருநீற்றுப் புதனுக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்குதுங்க. இந்த வருசம் மனத்தாழ்மையைப் பழகிக்கிட்டு தவக்காலத்துக்குள்ள வாங்கன்னு பாதர் பிரசங்கத்துல சொன்னாரு. நாப்பது பேரை வேலை வாங்குற எடத்துல பணிஞ்சு போனா ஏறி மிதிச்சிருவாங்க. சரி, வீட்லயும் கோயில்லயுமாவது முயற்சி பண்ணலாம்னா, 'பரவால்ல, நாம தாழ்மையாத்தான் இருக்கறோம்'னு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி வந்துருது. அதுவே பெருமைதானுங்களே? இதை எப்படித்தான் பழகறது?"

அம்மணி, இதில் இரண்டு பயம் இருக்கிறது. தாழ்மையானவரை உலகம் மிதிக்கும் என்பது ஒன்று. தாழ்மையைப் பழகப் பழக அதுவே தற்பெருமைக்குத் தீனியாகும் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான பயம். பல நூற்றாண்டுகளாகத் துறவிகளும் மறைவல்லுநர்களும் இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் வெகுகாலம் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் இதைப் பேசி வந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாழ்மை என்கிற உணர்வை உள்ளுக்குள் வரவழைக்க முயற்சி செய்யாதீர்கள். அது கடவுள் தருவது. நம் கையில் இருப்பவை சில செயல்கள் மட்டுமே: உண்மையை ஒப்புக்கொள்வது, மன்னிப்புக் கேட்பது, அடுத்தவர் உதவியை வாங்கிக்கொள்வது, செய்வதை மறைவில் செய்வது. திருநீற்றுப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை போகிற நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலத்துக்கு முன் பழக வேண்டியவை இவைதான்.

முதல் பயத்துக்கு இயேசுவிடமே பதில் இருக்கிறது. பெரிய வியாழன் இரவில் சீடர்களின் பாதங்களைக் கழுவி முடித்ததும் அவர் என்ன சொன்னார் என்று யோவான் 13-ஐ எடுத்துப் பாருங்கள். நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கிறீர்கள், அது சரிதான், நான் அப்படிப்பட்டவன்தான் என்கிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கழுவியவர், "நானெல்லாம் என்னங்க, சாதாரண ஆளு" என்று சொல்லவில்லை. தான் யார் என்பதை மறுக்காமலேயே குனிந்தார். அதே இரவில் தலைமைக் குருவின் வீட்டில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் தவறு எதுவென்று காட்டும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறீர் என்று நேராகக் கேட்டார். யோவான் 18-இல் வரும் இந்தப் பகுதியைப் பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளின் வாசகத்தில் வருடந்தோறும் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, யார் எது சொன்னாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தாழ்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அறைந்தவனிடம் காரணம் கேட்டவர்தான் "நான் கனிவும் மனத்தாழ்மையும் உடையவன்" என்று சொன்னவர். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவிலா நகரத்துப் புனித தெரேசா, கடவுளுக்கு மனத்தாழ்மை ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: கடவுள் உண்மையாக இருப்பவர், மனத்தாழ்மை என்பது உண்மையில் நடப்பது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொல்லவில்லை. உங்கள் செக்கிங் டேபிளுக்கே இதைக் கொண்டு வாருங்கள். பீஸில் குறை இருந்தால் ரிஜெக்ட் என்று சொல்வது உங்கள் வேலை. அதைச் சொல்லாமல் விடுவது தாழ்மை ஆகாது, பொய் ஆகும். வேலையில் நீங்கள் கெட்டிக்காரி என்றால் அதை மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அளவுச் சீட்டை நீங்கள் சரியாகப் பார்க்காமல் விட்டு ஒரு லாட் முழுக்க ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பி வந்தால், மேனேஜர் முன்னால் "நான்தானுங்க பார்க்காம விட்டுட்டேன்" என்று சொல்வதும் அதே உண்மைதான். அந்த இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த, தமிழ் சரியாகப் பேச வராத பிள்ளை மேல் பழியைத் தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம். ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது பெருமை இப்படித்தான் வேலை செய்யும். உண்மையைச் சொன்னதற்காக உங்களை யாரும் ஏறி மிதிக்க மாட்டார்கள். மாறாக, உங்கள் வாயிலிருந்து "ரிஜெக்ட்" என்று வந்தால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்று நம்புவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாழ்மையைப் பற்றிய பிரசங்கம் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பது முக்கியம். நம் கொங்கு மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பேரால் குனிய வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைக்கப்பட்டவர்கள், பண்ணாடி (நிலக்காரர்) வீட்டு வாசலுக்கு வெளியே நின்றே கூலி வாங்கியவர்கள். அவர்களில் பலர் திருச்சபைக்கு வந்ததற்குக் காரணம், நிமிர்ந்து நிற்கலாம் என்று ஒரு குரல் சொன்னதுதான். அவர்களிடம் போய் "இன்னும் தாழ்ந்து போங்க" என்று சொல்வது நற்செய்தி ஆகாது. லூக்கா 1-இல் இயேசுவின் தாய் மரியா பாடும் பாடலே வலியோரை அரியணையிலிருந்து இறக்குவதையும் தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துவதையும்தான் கொண்டாடுகிறது. அடிக்கிற கணவனிடம் மனைவியைத் "தாழ்மையா போம்மா" என்று திருப்பி அனுப்புவதும் அதே தவறுதான். தாழ்மை என்பது கையில் ஏதாவது அதிகாரம் வைத்திருப்பவருக்கான அழைப்பு. குனிந்தே பழகியவருக்கு, தன்னைக் கடவுளின் பிள்ளை என்று நம்பி நிமிர்வதுதான் உண்மையில் நடப்பது.

அதனால் தயாரிப்பின் முதல் படியாக, எனக்கு யார் மேல் அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குக் கம்பெனியில் நாற்பது பேர். தோட்டம் வைத்திருக்கிறவருக்குச் தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) குடியிருக்கிற பண்ணையத்து ஆள். கோயம்புத்தூரில் அபார்ட்மெண்டில் இருக்கிறவருக்கு வீட்டுவேலைக்கு வருகிற அக்கா. அவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம்? நம் வயதையொத்த விருந்தாளியிடம் "வாங்க, உட்காருங்க" என்கிற அதே வாய், அறுபது வயது தூய்மைப் பணியாளரை "வா, போ" என்கிறதா? அவர் நம் வீட்டில் எந்த டம்ளரில் காப்பி குடிக்கிறார், எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்? சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்துக்கு வந்து நிற்கிறவரைக் காரணமில்லாமல் காக்க வைக்கிறோமா? கறி சாப்பிடாமல் நாற்பது நாள் இருப்பதைவிட இந்தப் பழக்கங்களில் ஒன்றை மாற்றுவது பல வீடுகளில் கடினமாக இருக்கும். எங்கே கடினமாக இருக்கிறதோ அங்கேதான் பெருமை ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது பயம். மார்ட்டின் லூத்தர் 1521-இல் மரியாவின் பாடலுக்கு எழுதிய விளக்கத்தில், உண்மையான தாழ்மைக்குத் தான் தாழ்மையாக இருப்பது தெரியாது என்கிறார். தெரிந்துவிட்டால் அந்த அழகான குணத்தைப் பார்த்தே பெருமை வந்துவிடும் என்கிறார். நீங்கள் சொன்ன அதே சங்கடம்தான். கிழக்குத் திருச்சபைகளின் கிரேக்க மரபில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. தவக்காலத்துக்கு முன்பே தயாரிப்பு ஞாயிறுகள் தொடங்கிவிடும். அவற்றில் ஒன்றில் லூக்கா 18-இல் உள்ள உவமையை வாசிப்பார்கள்: சமயச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த பரிசேயரும், பாவி என்று ஊர் ஒதுக்கிய வரிதண்டுபவரும் ஜெபிக்கப் போன கதை. "வாரத்தில் இருமுறை நோன்பிருக்கிறேன், வருவாயில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறேன்" என்று கடவுளிடமே கணக்கு ஒப்பித்தவர் அந்தப் பரிசேயர். அந்த ஞாயிறைத் தொடர்ந்து வரும் வாரத்தில், வழக்கமான புதன், வெள்ளி நோன்புகூடக் கிடையாது. நோன்பு இருக்கிறேன் என்று யாரும் நெஞ்சை நிமிர்த்தக் கூடாது என்பதற்காகவே, நோன்புக்கு முன்னால் நோன்பை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இந்த ஞானம் மிகவும் பிடிக்கும். அந்த உவமையில் இன்னொன்றையும் கவனியுங்கள். பரிசேயர் ஜெபிக்கும்போது கண் பக்கத்து ஆள் மேல் போகிறது. வரிதண்டுபவர் யாரையும் பார்க்கவில்லை, தன்னையே அளந்துகொண்டும் இருக்கவில்லை. "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்ற ஒரே வரியோடு அவர் ஜெபம் முடிந்துவிடுகிறது. "நாம தாழ்மையாத்தான் இருக்கறோம்" என்ற திருப்தி உள்ளே தலைகாட்டும்போது, அதோடு சண்டை போடாமல் இந்த வரியைச் சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்பிவிடுங்கள். சண்டை போட்டால் மறுபடியும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மேற்கில் புனித பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையில் வேறொரு வழி இருக்கிறது. அதன் 49-ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. ஒவ்வொருவரும் உணவிலோ, உறக்கத்திலோ, பேச்சிலோ ஏதாவது கொஞ்சம் குறைத்து மகிழ்ச்சியோடு கடவுளுக்குக் கொடுக்கலாம், ஆனால் என்ன செய்யப் போகிறோம் என்பதை மடத்தின் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி அவருடைய அனுமதியோடும் ஜெபத்தோடும் செய்ய வேண்டும் என்கிறார். ஆன்மிகத் தந்தையின் அனுமதியில்லாமல் செய்வது வீண்பெருமையில் சேரும், அதற்குப் பலன் இல்லை என்கிறார். நமக்கு மடத்தலைவர் கிடையாது. ஆனால் ஒருவரிடம் சொல்லலாம். உங்கள் பாதரோ, அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவில்) விவரமான ஒரு பெரியம்மாவோ, முகத்துக்கு நேராகப் பேசுகிற அண்ணனோ. "இந்தத் தவக்காலத்துல இதைச் செய்யலாம்னு இருக்கறனுங்க, சரியா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம் கண்ணு, நீ மொதல்ல உங்க மாமியார்கிட்ட ஒழுங்காப் பேசு" என்று அவர் சொன்னால், அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். நாமே தேர்ந்தெடுக்கும் தாழ்மையில் நம் விருப்பமும் கலந்திருக்கும். அடுத்தவர் கையால் வருவதில் அது குறைவு. மற்ற எல்லாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.

தயாரிப்பு என்று சொல்லும்போது நம் ஊரில் எல்லாருக்கும் புரிகிற ஒன்றோடு ஒப்பிடலாம். மாரியம்மன் கோயில் நோம்பிக்குப் பூச்சாட்டி விழாவைத் தொடங்கிய நாளிலிருந்தே ஊரின் பேச்சும் சாப்பாடும் நடமாட்டமும் மாறத் தொடங்கிவிடும், திருவிழா அன்று காலையில் திடீரென்று யாரும் விரதக்காரர் ஆவதில்லை. நமக்கோ திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் வரை கல்யாண விருந்து, சண்டை, வியாபாரம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் நெற்றியில் சாம்பல். லத்தீன் வழிபாட்டில்கூட, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய சீர்திருத்தம் வரும்வரை, தவக்காலத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் தயாரிப்புக்கென்று இருந்தன. இப்போது அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அந்த வேலையில் முக்கியமானது மன்னிப்புக் கேட்பது. கேரளத்தின் மலங்கரை சிரியன் மரபில் பெரிய நோன்பின் (அவர்களுடைய தவக்காலத்தின்) தொடக்கத்தில் ஒப்புரவு வழிபாடு ஒன்று உண்டு. அதில் குருவும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். குரு மக்கள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பதைப் பார்த்தவர்களுக்கு அது சாதாரணச் சடங்காகத் தெரியாது. நம் பங்கில் அந்த வழிபாடு இல்லை என்றாலும், புதன்கிழமைக்குள் ஒரே ஒருவரிடமாவது அதைச் செய்யலாம். செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். "அன்னைக்கு உன்னை எல்லாத்துக்கும் முன்னாடி பேசினது தப்பு. மன்னிச்சுக்க." அவ்வளவுதான். "ஆனா நீயும்" என்று தொடங்கிவிட்டால் அது மன்னிப்பாக இருக்காது, வழக்காக மாறிவிடும். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் அந்த நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் அவருடைய மானம் திரும்பாது. அவர் மன்னிக்காவிட்டால்? அது அவர் உரிமை. "நான் இவ்வளவு தூரம் இறங்கி வந்தும்" என்ற பேச்சு நம் வாயில் வந்தால், நாம் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். சொத்துப் பிரிப்பில் அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்கள், வாய்க்கால் தண்ணிக்கும் வரப்புக்கும் கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ இருக்கின்றன. இரண்டு தரப்பும் ஒரே கோயிலில் ஒரே நற்கருணை வரிசையில் நிற்பார்கள். அப்படிப்பட்ட வழக்கை நாற்பது நாளில் தீர்க்க முடியாமல் போகலாம். ஆனால் எதிரில் வரும்போது முகத்தைத் திருப்பாமல் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க முடியும்.

எல்லாரும் தாண்டிப் போகிற ஒன்றில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பாதம் கழுவும் நிகழ்ச்சியில் அதிகம் முரண்டு பிடித்தவர் பேதுரு. நீர் என் பாதங்களைக் கழுவ ஒருபோதும் விடமாட்டேன் என்றார். பார்க்கப் பணிவுபோல இருக்கும். இயேசு அதை ஒத்துக்கொள்ளவில்லை. நான் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்றார். கொடுப்பதற்கு வேண்டிய தாழ்மையைவிட, வாங்கிக்கொள்வதற்கு வேண்டிய தாழ்மை பல மடங்கு அதிகம். நம் ஊரில் "யாருகிட்டயும் கை நீட்டாத குடும்பம்" என்பதைப் பெரிய நற்சான்றாகச் சொல்கிறோம். உழைப்பால் வந்த அந்தத் தன்மானத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே தன்மானம், நோயில் படுத்தவரைப் பக்கத்து வீட்டு ரசத்தைக்கூட மறுக்க வைக்கிறது. கடனில் மூழ்கியவரைக் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருக்க வைக்கிறது. சின்னவர்கள் சொல்லிக் கொடுக்க வந்தால் "எனக்குத் தெரியும்" என்று வெட்ட வைக்கிறது. இந்தத் தவக்காலத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவரிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒடியாப் பிள்ளையிடம் அவள் மொழியில் பத்து வார்த்தை கேட்டாலும் போதும். யாராவது உதவி செய்கிறேன் என்றால், ஒருமுறையாவது "சரிங்க, செய்யுங்க" என்று சொல்லிப் பாருங்கள். உடனே பதிலுக்குப் பதில் செய்து கணக்கைத் தீர்க்கவும் ஓடாதீர்கள். மொய்க் கணக்குக்குப் பழகிய நமக்கு இது கஷ்டம்தான்.

மறைவில் செய்வது பற்றி மத்தேயு 6-இல் தெளிவாகவே இருக்கிறது, திருநீற்றுப் புதன் திருப்பலியில் அதுதான் நற்செய்தி வாசகம். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள் என்று கேட்டுவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொள்கிறோம். வேலைக்குப் போகும்முன் துடைப்பதா, வைத்துக்கொள்வதா என்று பலர் கேட்பதுண்டு. இரண்டிலும் தவறில்லை. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமல் இருந்தால் போதும் என்பேன். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது. நீ மண்ணாய் இருக்கிறாய் என்று நினைவூட்டத்தான் பூசப்படுகிறது. கோயில் மின்விசிறியிலும் பெஞ்சிலும் உபயதாரர் பெயர் எழுதுகிற வழக்கத்தை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. இந்தத் தவக்காலத்தில் கொடுப்பதையாவது பெயர் எழுதாத உறையில் கொடுக்கலாம். சீர்திருத்த மரபைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. சபையில் லெந்து (தவக்கால) காணிக்கை கொடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இடத்தை விட்டுக்கொடுப்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு, நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது என்பது எனக்கு வருத்தம். மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக், 1813-இல் பிரான்சில் பிறந்தவர். 1842-இல் புதுச்சேரிக்கு வந்த மறைபணியாளர். 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கோவைப் பகுதித் திருச்சபையைப் பொறுப்பேற்று நடத்தினார். இந்த மண்ணின் குருக்கள் வளர்ந்து இந்தத் திருச்சபையைத் தாங்களே நடத்த வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே உறுதியாக நம்பினார். உள்ளூர்ப் பழக்கவழக்கங்களைத் திருச்சபைக்குள் அனுமதிப்பதா என்பது பற்றி மறைபணியாளர்களிடையே நடந்த சர்ச்சைகளில் தன் மனச்சாட்சி ஒப்பவில்லை என்று 1850-களின் நடுவில் ஆயர் பொறுப்பையே துறந்தார். சும்மா இருந்துவிடவில்லை. 1856-இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபணிக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார். 1859-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் வந்திறங்கி ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பங்குப் பேரவைத் தேர்தலில் ஓர் இடத்துக்காக வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள், கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை பசிலிக்காவுக்குப் போகும்போது இவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களுக்கான ஏற்பாடு. இரண்டு வாரம் இருக்கிறது என்றீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டிய அந்த ஒருவரை இந்த வாரத்திலேயே தேர்ந்தெடுத்துப் பேசிவிடுங்கள். அடுத்த வாரத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள், புதன்கிழமை காலைக்குத் தள்ளிப்போடாதீர்கள். நாற்பது நாளுக்கும் ஒரே ஒரு செயல் போதும். உங்களுக்கு என்றால், கம்பெனியில் தவறு யாருடையது என்று உண்மையைச் சொல்வதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நடுவில் ஒருநாள் ஷிப்மெண்ட் அவசரத்தில் கத்திவிடுவீர்கள். அன்றைக்கே கத்து வாங்கிய பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் முதலில் இருந்து தொடங்குங்கள். எவ்வளவு முன்னேறினோம் என்று டைரியில் எழுத வேண்டாம். பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதர் எந்தக் கிழமை உட்காருகிறார் என்று மட்டும் இந்த ஞாயிறே விசாரித்து வையுங்கள், புனித வாரத்தில் வரிசை நீளமாக இருக்கும்.